அனுமதி மறுக்கப்பட்டது: கோப்பும் ஃபோல்டரும் திறக்காதபோது எங்கே பார்ப்பது

சொந்தக் கணினியில், நாமே எடுத்த படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கப் போனால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வருகிறது. பதற்றம் வரத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தில்தான் பலர் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், கண்ணில் பட்ட எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பாதி நேரம் கோளாறு அனுமதியிலேயே இருக்காது. கோப்பை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கலாம். வைரஸ் காவல் நிரல் தடுத்திருக்கலாம். டிஸ்க்கே எழுத முடியாத நிலைக்குப் போயிருக்கலாம். கோப்பு பூட்டப்பட்ட வடிவில் இருக்கலாம். இத்தனைக்கும் கணினி காட்டுவது கிட்டத்தட்ட ஒரே செய்திதான். அதனால் செய்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அறிகுறியைப் பார்த்துப் போவதே சரியான வழி.

எதையும் மாற்றும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஒரே ஒரு கோப்பு மட்டும் அடம்பிடிக்கிறதா, அந்த டிஸ்க் முழுவதுமா? ஒரே ஒரு நிரலில் மட்டுமா, எந்த நிரலிலிருந்து போனாலுமா? உங்கள் கணக்கில் மட்டுமா, வீட்டில் மற்றவர் கணக்கிலிருந்து போனாலுமா? டிஸ்க் முழுவதும் என்றால் பெரும்பாலும் டிஸ்க் விவகாரம். ஒரு நிரலில் மட்டும் என்றால் அந்த நிரலை யாரோ தடுக்கிறார்கள். ஒரு கணக்கில் மட்டும் என்றால் அது பெரும்பாலும் உண்மையான அனுமதிச் சிக்கல்.

அப்புறம், செக்யூரிட்டி பக்கத்தில் கை வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "அன்டூ" கிடையாது. முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

பழைய கணினியின் டிஸ்க்கைப் புதிய கணினியில் மாட்டினால் ஃபோல்டர் திறக்கவில்லை

வீடுகளில் அதிகம் வருவது இதுதான். பழைய மடிக்கணினி போய்விட்டது, உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு மாட்டினால், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

காரணம் எளிது. விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை. கணக்கு உருவாகும்போதே அதற்கு ஒரு நீளமான அடையாள எண் போடுகிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி வரிசையாக எண்கள் வருமே, அதுதான். கோப்பின் அனுமதிப் பட்டியலில் எழுதப்படுவது இந்த எண். புதிய கணினியில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்கு வைத்தாலும் எண் வேறு. பழைய எண்ணுக்குரிய ஆள் யார் என்று புதிய விண்டோஸுக்குத் தெரியாது. செக்யூரிட்டி பக்கத்தில் "அன்னோன் அக்கவுன்ட்" என்ற பெயரோடு அந்த எண் தெரிந்தால், நோய் இதுதான் என்று உறுதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஃபோல்டர் பட்டியல் வரவே நிமிடக் கணக்கில் ஆனாலோ, அனுமதியைத் தொடவே வேண்டாம். அனுமதியை மாற்றுவது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பதிவிலும் புதிதாக எழுதுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான முறை எழுத வைத்தால், அதுவே கடைசி அடியாக முடியலாம். இப்படிப்பட்ட டிஸ்க்குக்கு நான் சொல்வது, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸை யூஎஸ்பியிலிருந்தே ஓட்டுவது. உபுன்டு போன்ற ஒன்றை யூஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் "ட்ரை" என்பதில் ஓட்டினால் போதும். அது வழக்கமாக விண்டோஸின் அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்தாமல் கோப்புகளைப் படித்துவிடும். வேண்டியதை முதலில் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

டிஸ்க் நலமாக இருந்தால் விண்டோஸிலேயே முடிக்கலாம். ஃபோல்டரை இரட்டைக் கிளிக் செய்ததும் "கன்டினியூ" பொத்தானோடு ஒரு பெட்டி வந்தால், முதலில் அதையே அழுத்திப் பாருங்கள். அது பழைய அனுமதிகளை அழிக்காது, உங்கள் கணக்கைக் கூடுதலாகச் சேர்க்கும். உள்ளே நிறையக் கோப்புகள் இருந்தால் பச்சைப் பட்டை வெகுநேரம் ஊர்ந்து போகும். நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாதி திறக்கும், பாதி திறக்காது, பிறகு எது எந்த நிலையில் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

அது பலிக்கவில்லை என்றால் உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபோல்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே "ஓனர்" என்ற வரியில் "சேஞ்ச்" என்பதைத் தொட்டு உங்கள் கணக்கின் பெயரைக் கொடுங்கள். பெயருக்குக் கீழே "ரீப்ளேஸ் ஓனர்" என்று தொடங்கும் கட்டம் தோன்றும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமை மாற அதில் டிக் வேண்டும். ஓகே கொடுத்து எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு மறுபடி அட்வான்ஸ்டு வரை போங்கள். உரிமையாளர் ஆனதும் கோப்பு திறந்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். உரிமையாளருக்கு உறுதியாகக் கிடைக்கும் அதிகாரம், அனுமதியை மாற்றும் அதிகாரம். படிக்க, எழுத அனுமதியை அவர் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "ஆட்" அழுத்தி, உங்கள் கணக்கைத் தேர்ந்து, "ஃபுல் கன்ட்ரோல்" கொடுங்கள்.

உரிமை மாற்றும்போது இடையில் ஒரு கேள்வி வரலாம்: உள்ளே இருப்பதைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை, இருக்கும் அனுமதிகளை எடுத்துவிட்டு உங்களுக்கு முழு அனுமதி போடவா என்று. "யெஸ்" கொடுத்தால் பழைய பட்டியல் போய்விடும். டிஸ்க் இனி உங்களோடுதான் என்றால் பரவாயில்லை. திரும்பப் பழைய கணினிக்கே போகப் போகிறது என்றால் "நோ" கொடுத்துவிட்டு லினக்ஸ் வழியில் நகல் எடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லையா? அவற்றின் ஐகானில் சின்னப் பூட்டு தெரிகிறதா, அல்லது பெயர் பச்சை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அனுமதிச் சிக்கல் இல்லை, மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது. விண்டோஸின் ப்ரோ போன்ற பதிப்புகளில் உள்ள இஎஃப்எஸ் என்ற வசதியால் பூட்டப்பட்டவை அவை. எத்தனை முறை உரிமை எடுத்தாலும் திறக்காது. திறக்கும் சாவி பழைய கணக்கின் சான்றிதழில் இருக்கிறது. பழைய விண்டோஸ் இன்னும் ஓடும் என்றால், பழைய கணக்கில் நுழைந்து, ப்ராப்பர்ட்டீஸின் ஜெனரல் பக்கத்தில் அட்வான்ஸ்டு அழுத்தி, "என்கிரிப்ட்" டிக்கை எடுத்துவிட்டு நகல் எடுங்கள். அதுவரை பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவே கூடாது. இதைத் தெரியாமல் ஃபார்மேட் செய்தால், சாவியை எடுத்து வைத்திருந்தாலொழிய அந்தப் படங்கள் போனது போனதுதான்.

டிஸ்க்கை மாட்டியதுமே 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு, அங்கே தேடுங்கள்.

நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர், எனக்கே அனுமதி இல்லையாம்

2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து இதுதான் நடைமுறை. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்தாலும், நீங்கள் திறக்கும் நிரல்கள் சாதாரணப் பயனரின் அதிகாரத்தோடுதான் ஓடும். திரை மங்கி, "யெஸ்" கேட்கும் பெட்டி வரும்போதுதான் முழு அதிகாரம் வெளியே வருகிறது. ஆகவே சி டிரைவின் மேல்மட்டத்திலோ ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலோ நோட்பேடில் எழுதியதை நேராகச் சேமிக்கப் போனால் மறுப்பு வரும். இதைக் கோளாறு என்று எண்ணிச் சரிசெய்யப் போக வேண்டாம். டாக்குமென்ட்ஸில் சேமித்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு இழுத்துப் போடுங்கள். அப்போது ஒரு முறை "கன்டினியூ" கேட்கும், அவ்வளவுதான்.

"டிரஸ்டட்இன்ஸ்டாலர்" இடம் அனுமதி வாங்குங்கள் என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு அதுதான் உரிமையாளர், அட்மினிஸ்ட்ரேட்டர் இல்லை. இடம் போதவில்லை என்று அதையெல்லாம் அழிக்கப் போகிறவர்கள், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகப் போனால் விண்டோஸே அழிக்கத் தக்கதை அழித்துக் கொடுக்கும்.

பழைய நிரல் ஒன்றில் சேமித்த கோப்பு, நிரலுக்குள் தெரிகிறது, ஆனால் அந்த ஃபோல்டரில் காணவில்லை என்றால் இன்னொரு விஷயம் நடந்திருக்கிறது. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயலும் பழைய நிரல்களுக்கு விண்டோஸ் இரகசியமாக வேறு இடம் கொடுத்துவிடும். உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். தொலைந்தது என்று நினைத்த கோப்புகள் அங்கே பத்திரமாக இருக்கும்.

டிக் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை

செக்யூரிட்டி பக்கத்தில் "டினை" (மறுப்பு) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே ஒரு டிக் இருந்தால், அதே இடத்தில் நேரடியாகக் கொடுத்த "அலோ" எதுவும் அதன் முன் நிற்காது. குழந்தைகள் திறக்கக் கூடாது என்று "எவ்ரிஒன்" பெயருக்கு டினை போட்டால், எவ்ரிஒன் என்பதில் நீங்களும் உண்டு. ஒருவரைத் தடுக்க டினை தேவையே இல்லை, பட்டியலில் அவர் பெயரும் அவர் சேர்ந்த குழுக்களும் இல்லாமல் இருந்தாலே போதும்.

கண்ணால் பார்த்துப் புரியவில்லை என்றால், அட்வான்ஸ்டு உள்ளே "எஃபெக்டிவ் ஆக்சஸ்" என்ற பக்கம் இருக்கிறது. கணக்கின் பெயரைக் கொடுத்து "வியூ" அழுத்தினால், எல்லா விதிகளையும் கூட்டிக் கழித்து, அந்த ஆளால் எது முடியும், எது முடியாது என்று வரிவரியாகக் காட்டும். பலர் திறந்தே பார்க்காத பக்கம் இது. ஊகத்தில் டிக் போட்டு எடுத்து மணிக்கணக்கில் போராடுவதை விட, இங்கே ஒரு நிமிடம் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு நிரலால் மட்டும் சேமிக்க முடியவில்லை

நோட்பேடில் சேமிக்க முடிகிறது, படம் திருத்தும் நிரலிலோ விளையாட்டிலோ மட்டும் முடியவில்லை என்றால், அனுமதிப் பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் "ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்" போய், "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" ஆனில் இருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால், அறிமுகமில்லாத நிரல்களை டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களில் எழுத விடாது. சில நிரல்கள் "கோப்பு கிடைக்கவில்லை" என்று தவறான செய்திகூடக் காட்டும். அதை அணைக்காதீர்கள், நல்ல காவல் அது. "அலோ ஆன் ஆப்" என்பதில் உங்கள் நிரலை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

மேக்கில் இதற்குச் சமமானது, சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதி. அங்கே "ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" பட்டியலில் அந்த ஆப்புக்கு எதிரே உள்ள சுவிட்ச் அணைந்திருக்கும். எப்போதோ வந்த கேள்விக்கு அவசரத்தில் "டோன்ட் அலோ" அழுத்தியிருப்பீர்கள். லினக்ஸில் ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவங்களில் நிறுவிய ஆப்கள் ஒரு வேலிக்குள் ஓடுகின்றன. வெளி டிஸ்க் அவற்றின் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம், அந்த ஆப்பின் அனுமதிகளில் திறந்துவிட வேண்டும்.

அழிக்க முடியவில்லை

முதல் சந்தேகம், கோப்பு திறந்திருக்கிறது என்பதுதான். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து சிபியூ பக்கத்தில் "அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்" தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டுங்கள். நிரலின் பெயர் வந்துவிடும். அதை மூடினால் கோப்பு அழியும். முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறக்கும் முன் அழியுங்கள்.

அதுவும் இல்லை என்றால் பாதையின் நீளம். டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரை எல்லாம் சேர்த்து 260 எழுத்துகள் என்பது விண்டோஸின் பழைய வரம்பு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போன நகல்களில் இது எளிதாகத் தாண்டிவிடும். மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரை ஓரிரு எழுத்தாகச் சுருக்கினால் அழிக்க வரும்.

லினக்ஸிலும் மேக்கிலும் இன்னொரு குழப்பம் உண்டு. கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரில்தான் தேவை. கோப்பின் அனுமதியை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்தவர்கள் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள்.

"ரீட் ஒன்லி" டிக்கை எடுத்தாலும் திரும்ப வந்துவிடுகிறது

ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் அந்தக் கட்டத்தில் இருப்பது டிக் இல்லை, நிரப்பிய சதுரம். ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளைப் பற்றியது அது, ஃபோல்டரைப் பற்றியது இல்லை. அதனால் எதுவும் தடைபடாது. உங்கள் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

டிஸ்க் முழுவதிலும் எழுத முடியவில்லை

எஸ்டி அட்டை என்றால் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். மேக் என்றால், விண்டோஸின் வழக்கமான வடிவமான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அது படிக்கும், தானாக எழுதாது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, லினக்ஸில் விண்டோஸ் பகுதி எழுத வராவிட்டால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் பெரும்பாலும் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் விடுகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை முழுதாக மூடுங்கள்.

நேற்று வரை நன்றாக ஓடிய லினக்ஸில் இன்று எங்குமே எழுத முடியவில்லை என்றால் அலட்சியமாக இருக்க வேண்டாம். டிஸ்க்கில் பிழை கண்டதும், சேதம் பெருகாமலிருக்க அமைப்பே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. முதல் வேலை நகல் எடுப்பது.

லினக்ஸில் என் சொந்த ஃபோல்டரிலேயே என்னால் எழுத முடியவில்லை

என்றோ ஒருநாள் ஏதோ ஒரு நிரலைச் சூடோ (sudo, முழு அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டியிருப்பீர்கள். அது உருவாக்கிய கோப்புகள் எல்லாம் ரூட் என்ற தலைமைக் கணக்கின் பெயரில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்ப நுழைவுத் திரைக்கே வருவதற்கும் சில நேரம் இதுவே காரணம். மருந்து, உரிமையாளரை மாற்றும் கட்டளையான chown. அதை உங்கள் ஹோமுக்குள் மட்டும் ஓட்டுங்கள். தொடக்கத்தில் வெறும் சாய்கோடு விழுந்துவிட்டால் மொத்த அமைப்பின் உரிமையும் மாறிவிடும், என்டர் தட்டும் முன் இரண்டு முறை படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் 777 போடு, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாதாரணக் கோப்புக்கு 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்), ஃபோல்டருக்கு 755 (அதோடு எல்லாரும் உள்ளே நுழையலாம்) போதும். வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் சாவிக் கோப்பு 600-இல் (உரிமையாளருக்கு மட்டும்) இருக்க வேண்டும். அதை எல்லாரும் படிக்கும்படி திறந்துவிட்டால் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியை ஏற்கவே மறுக்கும். ஃபோல்டருக்கு 644 போட்டால் என்ன ஆகும் என்றால், பெயர்கள் தெரியும், எதையும் திறக்க முடியாது. ஃபோல்டரைப் பொறுத்தவரை "இயக்கும்" அனுமதி என்பது உள்ளே நுழையும் அனுமதி.

வீட்டில் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை

பொதுவான ஃபோல்டரில்தான் போட்டேன், மற்றதெல்லாம் திறக்கிறது, இந்த ஒன்று மட்டும் அவர்களுக்கு வரவில்லை என்பார்கள். அதை நகல் எடுத்துப் போட்டீர்களா, வெட்டி நகர்த்தினீர்களா என்று கேளுங்கள். நகல் எடுத்தால் புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால், கோப்பு தன் பழைய இடத்தின் அனுமதியையே சுமந்து வரலாம். பொது ஃபோல்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில், கீழே "ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்" என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போட்டு அப்ளை கொடுத்தால், உள்ளே இருக்கும் எல்லாம் ஒரே அனுமதிக்கு வந்துவிடும்.

வலையமைப்பு வழியாக வேறு கணினியிலிருந்து வருகிறார்கள் என்றால் இரண்டு வாசல்கள் உண்டு. ஷேரிங் அனுமதி ஒன்று, செக்யூரிட்டி அனுமதி இன்னொன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். கடவுச்சொல் கேட்கும்போது பின் எண்ணைக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். பின் எண் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து நுழைய மட்டும்தான். வலையில் கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும்.

ஏற்கெனவே சி டிரைவ் முழுவதற்கும் "எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்" போட்டுவிட்டேன்

நானும் ஒரு காலத்தில் ஒரு ஃபோல்டர் திறக்காத கோபத்தில் இதைச் செய்திருக்கிறேன். அன்று எல்லாம் சரியானது போலத்தான் இருந்தது. மறுநாள் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சி டிரைவில் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு அனுமதி இருக்க வேண்டும், ஒரே அச்சில் வார்த்தால் அமைப்பு நொண்டும். கூடவே, வீட்டில் யார் கணக்கில் எந்தத் தீய நிரல் வந்தாலும் விண்டோஸின் கோப்புகளையே மாற்றிவிட முடியும்.

இப்போது முழு சி டிரைவையும் "ரீசெட்" செய்யும் கட்டளையை ஓட்டத் தோன்றும். வேண்டாம். அது எல்லாவற்றையும் மேல் ஃபோல்டரின் அனுமதிக்கு இறக்கிவிடும், விண்டோஸ் ஃபோல்டரின் தனி அனுமதிகளில் மிச்சம் இருப்பதும் போய்விடும். நல்ல வழி, அதே பதிப்பை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை இயக்கி, "கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்து மேலேயே நிறுவுவது. விண்டோஸின் பகுதிகள் புதிதாக அமரும்போது அவற்றின் அனுமதிகளும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதுவும் உதவாமல் சுத்தமாக நிறுவ வேண்டி வந்தால், உங்கள் கோப்புகளை எக்ஸ்ஃபேட் வடிவ வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அந்த வடிவத்தில் அனுமதிப் பட்டியல் எழுதவே இடம் இல்லை. போகும்போதே பழைய எண்கள், டினைகள், யாரோ போட்ட டிக்குகள் எல்லாம் உதிர்ந்துவிடும். புதிய கணக்கின் டாக்குமென்ட்ஸில் நகல் எடுத்துப் போட்டதும், அந்த ஃபோல்டரின் அனுமதியோடு, உங்கள் பெயரில் உட்காரும்.